கறிவேப்பிலையா கத்திரிக்காயா: மெட்ரோவில் கேட்ட ஃப்யூஷன் ஆல்பங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஸ்டார் கொடுக்கிற ஆள் இல்லை. ஐந்துக்கு மூன்றரை என்று போட்டால் அந்த அரை எதற்கு என்று நானே மண்டையைப் பிய்த்துக்கொள்வேன். என் கணக்கு வேறு. காலையில் பெங்களூர் மெட்ரோவில், அல்சூர் ஸ்டேஷனில் பர்ப்பிள் லைன் ஏறி, ஐடிபிஎல் டெக் பார்க் பக்கத்துப் பட்டந்தூர் அக்ரஹாராவில் இறங்குகிறேன். அது 13-வது ஸ்டேஷன். கதவு மூடும்போது ஒரு ஆல்பத்தை ஆரம்பிப்பேன், எந்த ஸ்டேஷனில் கை தானாகப் போய் மாற்றுகிறதோ அதுதான் மார்க். இந்திராநகர் வருவதற்குள் மாற்றியதும் உண்டு, இறங்கிய பிறகும் நிறுத்த மனசு வராமல் எஸ்கலேட்டர் ஓரம் நின்று நாலு பேரிடம் இடி வாங்கியதும் உண்டு. அப்பா எச்.ஏ.எல்-லில் வேலை பார்த்த காலத்து டைரி ஒன்று, 1998-ஆம் வருஷத்தது, முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. அதில்தான் எழுதி வருகிறேன். கிழமை எதுவும் பொருந்தாது, அதனால் என்ன.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சின்ன வயசில் அல்சூரில் நாலு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். பத்தாம் வகுப்பு வந்தது, மிருதங்கம் பரணுக்குப் போனது. வாசிப்பு சுத்தமாகப் போய்விட்டது, ஆனால் கணக்கு மட்டும் விரலை விட்டுப் போகவில்லை. யார் எங்கே என்ன வாசித்தாலும் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிடுவேன், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். இந்த வியாதியால்தான் ஃப்யூஷன் ஆல்பங்களில் பாதி எனக்குக் கசக்கிறது. கிடாரும் கீபோர்டும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் எட்டு விநாடி தபலா வரும், ஒரு அம்மாள் தூரத்தில் ஆலாபனை மாதிரி ஏதோ இழுப்பார், முடிந்தது, மறுபடி கிடார். சாம்பாரில் கறிவேப்பிலை போட்டமாதிரி. வாசனைக்கு வேண்டும், தட்டில் வந்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். நான் தேடுவது கத்திரிக்காயை, அது இல்லாவிட்டால் குழம்பே இல்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும் இசையை. இந்த ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டுதான் கீழே உள்ளதெல்லாம்.

எங்கள் வீட்டுக்கு இந்தப் பித்து இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' வழியாக வந்தது. 1986-இல் வந்த ஆல்பம், தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் சமர்ப்பணம், வயலினில் வி.எஸ். நரசிம்மன். இதற்கு ஸ்டேஷன் மார்க் போடுவது அதிகப்பிரசங்கித்தனம். மனப்பாடம் ஆன ஒன்றை எப்படி மதிப்பிடுவது?

சரி, சக்தி. ஜான் மெக்லாக்ளின் என்ற ஆங்கிலேய கிடார்காரரும் நம் ஊர் வித்வான்களும் சேர்ந்த பேண்டு. 'சக்தி வித் ஜான் மெக்லாக்ளின்', 1976. இதை எல்.பி-யாகவே வாங்க வேண்டும் என்று ஒரு வெறி. ஊரில் பழைய ரெக்கார்டு விற்கிற ஒரு கடையில் 2,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடைக்காரர் "சார், ஒரு கீறல் கிடையாது" என்றார். கீறல் கிடையாதுதான், ஆனால் வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. முள் ஒவ்வொரு சுற்றுக்கும் மேடு ஏறி இறங்குகிறது, எல். சங்கரின் வயலினில் அவரே போடாத கமகமெல்லாம் கேட்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் "வாங்கும்போது பார்த்துத்தானே வாங்கினீங்க" என்று பதில். ஆக எல்.பி. சுவரில் மாட்டியிருக்கிறது, கேட்பதெல்லாம் போனில்.

1975 ஜூலை 5-ஆம் தேதி அமெரிக்காவில், லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு இது. மூன்றே உருப்படி. முதலாவது 'ஜாய்', 18 நிமிஷம். கடைசி உருப்படி 29 நிமிஷம், அதன் தலைப்பே ஒரு விருத்தம் அளவுக்கு நீளம், எழுதக் கை வலிக்கும். அதற்கு நாலு வருஷம் முன்னால் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற தன் ஜாஸ்-ராக் பேண்டில் ரெட்டைக் கழுத்து எலெக்ட்ரிக் கிடாரை வைத்துக்கொண்டு காது கிழிய வாசித்த மனுஷன் மெக்லாக்ளின். இங்கே மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மைக் முன்னால் அகூஸ்டிக் கிடார் வாசிக்கிறார். வீணை கற்றிருக்கிறார், டாக்டர் எஸ். ராமநாதனிடம். கிடாரையும் அதற்கேற்ற மாதிரி செய்யவைத்துக்கொண்டார்: கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் சுரண்டியிருப்பார்கள், தந்தியை வீணை மாதிரி அழுத்தி இழுக்க முடியும், குறுக்கே தனியாகத் தந்திகள் ஓடும், அவற்றை மீட்டாமலே அவை கூட அதிரும். இதைத்தான் சொல்கிறேன். கறிவேப்பிலை போடுகிற ஆள் தன் வாத்தியத்தைச் சுரண்டிக்கொள்ள மாட்டான்.

ஆனால் எனக்கு இந்த ஆல்பம் கடத்துக்காக. கடம் விக்கு விநாயக்ராம். ஜாகிர் உசேன் தபலாவில் ஒன்றைச் சொன்னால் விக்கு அதை மண்ணில் திருப்பிச் சொல்கிறார், அதுவும் அப்படியே இல்லை, கடைசியில் ஒரு அரை அட்சரத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரிக்கிற மாதிரி. கூட மிருதங்கம் ராம்நாட் ராகவன், சக்தியின் முதல் ஆல்பத்தில் மட்டும் இருக்கிறார், அடுத்த ஆல்பத்தில் அவர் இல்லாதது எனக்கு அடியில் ஏதோ காலியானமாதிரிதான் இருக்கிறது. ஜாகிர் பாய் 2024 டிசம்பரில் காலமான வாரம் முழுக்க வேறு எதுவும் போடவில்லை. 'ஜாய்' பெரும்பாலும் கருடாசார் பாளையா தாண்டும்போது முடியும். நடுவில் வருகிற இரண்டாவது உருப்படி 'லோட்டஸ் ஃபீட்' ஐந்து நிமிஷம்கூட இல்லை, மெதுவானது, அதை மட்டும் ராத்திரிக்கு வைத்துக்கொள்வேன். மார்க்: பட்டந்தூர், எஸ்கலேட்டர் ஓரம்.

2023-இல் வந்த சக்தியின் 'திஸ் மொமென்ட்'டையும் கேட்டேன், கிராமி வாங்கியது. ஷங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், விக்குவின் மகன் செல்வகணேஷ் எல்லாரும் இருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலிஷ் போட்ட செருப்பு மாதிரி, எங்கேயும் கல் குத்தவில்லை. மார்க்: ஹூடி.

எல். சங்கர் வேறு எங்கெல்லாம் வாசித்தார் என்று தேடிப்போய் ஆங்கில ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'பேஷன்' கிடைத்தது. 1989, ஒரு படத்துக்குப் போட்ட இசை. பாகிஸ்தான் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான், செனகல் பாடகர் யூசு என்டூர், ஆர்மீனியா, எகிப்து என்று ஊர் ஊராக ஆட்கள். இத்தனை பேரை வைத்துக்கொண்டு ஆளுக்கு எட்டு விநாடி என்று பிரித்துக் கொடுத்திருந்தால் நான் சொன்ன சாம்பார் ஆகியிருக்கும். ஆகவில்லை, ஏனென்றால் கேப்ரியல் பெரும்பாலான நேரம் தான் ஒதுங்கிக்கொள்கிறார். இதற்குக் கிராமி கொடுத்தார்கள், எந்தப் பிரிவில் தெரியுமா, நியூ ஏஜ். ஸ்பாவில் போடுகிற பாட்டு என்று நினைத்துவிட்டார்கள் போல. கிருஷ்ணராஜபுரம் ஸ்டேஷனுக்கு முன்னால் ரயில் மேம்பாலத்தில் வளையும்போது கீழே டின் ஃபேக்டரி டிராஃபிக் அசையாமல் நிற்கும், அந்தக் காட்சிக்கு இந்த ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள், ஊரே ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டு நிற்பது மாதிரி இருக்கும். குந்தலஹள்ளி வரை.

எலெக்ட்ரானிக் பக்கம் வந்தால் நான் இப்போதைக்கு எல்லாரையும் பிடித்து உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவது சரண்ஜித் சிங்கைத்தான். பாம்பே சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்துக்கொண்டிருந்தவர். 1982-இல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று மெஷினை வாங்கிக்கொண்டு, டிஸ்கோ தாளத்துக்குப் பத்து ராகம் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார்: 808 டிரம் மெஷின், 303 பேஸ் மெஷின், ஜூபிடர்-8 சிந்தசைசர். யாரும் சீண்டவில்லை. ஐந்து வருஷம் கழித்து சிகாகோவில் அதே 303-ஐத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு நடன இசை வகையே கிளம்பியது. 2010-இல் ஹாலந்துக்காரர்கள் இவருடைய ரெக்கார்டை மறுபடி வெளியிட்டபோதுதான், அட, இந்தச் சத்தத்தை இங்கே ஒரு மனுஷன் எப்போதோ போட்டுவிட்டாரே என்று உலகம் விழித்துக்கொண்டது. அவர் 2015-இல் காலமானார், நல்லவேளை, அதற்குள் கொஞ்சம் மரியாதை வந்து சேர்ந்தது.

எனக்கு இதில் பிடித்தது இந்த முந்திக்கொண்ட கதை இல்லை. 303-இல் 'ஸ்லைடு' என்று ஒரு வசதி உண்டு, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். கிடார்காரர்கள் பேஸ் வாசிக்க ஆள் இல்லாதபோது உதவட்டும் என்று செய்த மெஷின், அந்த வேலையில் அது படுதோல்வி. ஆனால் அந்த வழுக்கல் ராகத்துக்குப் பொருந்துகிறது. சிங்குக்கு அது காதில் பட்டிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஸ்பீக்கரில் போட்டேன். முதல் உருப்படி பைரவ். அம்மா அடுக்களையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"என்னடா இது, சரளி வரிசையை யாரோ துரத்தற மாதிரி இருக்கு?"

இந்துஸ்தானி பைரவ் என்றால் ஸ்வரம் நம் மாயாமாளவகௌளைதானே, கர்நாடக சங்கீதம் கற்கிற எந்தக் குழந்தையும் முதல் நாள் பாடுவது. அம்மாவுக்கு டெக்னோவும் தெரியாது ஆசிட்டும் தெரியாது, பாட்டுக்கு ஸ்வரத்தைப் பிடித்துவிட்டாள். அப்புறம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்: பூபாலி வந்ததும் "மோகனம்", யமன் வந்ததும் "கல்யாணி", கலாவதிக்கு "வலஜிதானே இது?", மால்கௌன்ஸுக்கு "ஹிந்தோளம், இது நன்னாருக்கு". மாவு பாதியில் கிடந்தது. எனக்கும் ஹிந்தோளம்தான் முதலிடம். குறை இல்லாமல் இல்லை, தாளம் முதல் பாட்டிலிருந்து பத்தாவது வரை ஒரே ஓட்டம், டிரம் மெஷினுக்குக் களைப்பே கிடையாது, ஒரேயடியாகக் கேட்டால் ஆறாவது ராகத்தில் தலை கிறுகிறுக்கும். நாளைக்கு ஐந்து ராகம், அதற்கு மேல் வேண்டாம். அந்த அளவில் பட்டந்தூர்.

லண்டன் எலெக்ட்ரானிக் இசைக்காரர் ஃபோர் டெட்டின் 'மார்னிங்/ஈவினிங்', 2015. இரண்டே உருப்படி, ஒவ்வொன்றும் 20 நிமிஷம். காலைப் பக்கத்தில் லதா மங்கேஷ்கரின் குரல், 'சௌதன்' என்ற 1983 இந்திப் படத்திலிருந்து. குரலை வெட்டித் தாளிக்கவில்லை, நீளமாக விட்டிருக்கிறார், கீழே தாளம் மட்டும் சமையல் சூடு மாதிரி மெதுவாக ஏறுகிறது. தாத்தாவின் பழைய இந்தி ரெக்கார்டுகள் கைக்கு வந்து சேர்ந்ததில் பிறந்த ஆல்பம் என்று படித்தேன், கேட்டாலே தெரிகிறது. வெள்ளிக்கிழமை காலை, பெட்டியில் கூட்டம் குறைவு, வெயில் இன்னும் ஏறவில்லை, அப்போது கேளுங்கள். மாலைப் பக்கம் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. அல்லது மாலையில் மெட்ரோவில் நின்றுகொண்டு, ஒரு பக்கத்தில் எவனோ ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓட விட்டிருக்க, யாருக்கு எது ஒட்டும்.

லண்டன் தபலாக்காரர் டால்வின் சிங்கின் 'ஓகே'யைக் கல்லூரிக் காலத்தில் கொண்டாடினோம். 1998, மறுவருஷம் பிரிட்டனின் மெர்குரி பரிசு. இன்றைக்குத் தபலா அப்படியே நிற்கிறது, சுற்றியிருக்கிற டிரம் அண்டு பேஸ், அந்த வேகமான எலெக்ட்ரானிக் தாளம் மட்டும் பழைய நோக்கியா ரிங்டோன் மாதிரி ஆகிவிட்டது. பையப்பனஹள்ளி.

நுஸ்ரத்தும் கிடார்காரர் மைக்கேல் புரூக்கும் சேர்ந்த 'மஸ்த் மஸ்த்', 1990: தைரியமாக வாங்கலாம், கடைசியில் உள்ள, மாஸிவ் அட்டாக் என்ற பிரிட்டிஷ் குழுவின் ரீமிக்ஸ் தனி ருசி. டினாரிவென் என்ற பாலைவன பேண்டின் 'தஸ்ஸிலி', 2011: சகாராவில் உட்கார்ந்து பதிந்தது, கைதட்டு, அகூஸ்டிக் கிடார், பாஷை ஒரு எழுத்து புரியாது, நல்லூர்ஹள்ளி வரை தாராளமாகப் போகிறது. ரேடியோஹெட்டின் 'கிட் ஏ'யைப் பற்றி என் மச்சான் மூன்று மணி நேரம் பேசுவான், அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுசீலா ராமன் விஷயத்தில் எங்கள் வீட்டில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தமிழ்ப் பெண், சின்ன வயசிலிருந்து கர்நாடக சங்கீதம். 2001-இல் 'சால்ட் ரெயின்', அதில் 'நகுமோமு' இருக்கிறது. ஆபேரியை அடித்தொண்டையில், ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ தனியாகப் பாடிக்கொள்வது மாதிரி பாடுகிறார். அம்மா கட்சி: உச்சரிப்பு சரியில்லை, சங்கதியெல்லாம் எங்கே போச்சு, தியாகராஜர் இதுக்கா அழுதார். என் கட்சி: அழுகிற பாட்டு அழுகிற மாதிரி இருக்கிறது, அதுதானே வேண்டும். அம்மா சொன்னதில் உச்சரிப்பு பற்றியதை ஒப்புக்கொள்கிறேன், மற்றதை இல்லை. அவருடைய 2011 ஆல்பம் 'வேல்' முருகன் பாட்டுகள், அதில் ஒரு வெறி இருக்கிறது, ஆடிக் கிருத்திகைக்குத் தெருவில் குழாய் ஸ்பீக்கரில் பெங்களூர் ரமணி அம்மாள் பாட்டு அலறுமே, அந்த உடம்பு சிலிர்ப்பு எனக்கு வந்தது. அம்மா அந்த ஆல்பம் ஓடும்போது ஒன்றும் சொல்லவில்லை. அதை ஜெயிப்பாக எடுத்துக்கொண்டேன்.

நம் ஊர் பேண்டு அகம் பற்றி எழுதாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். 2012 ஆல்பம் 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்', கர்நாடக சங்கீதமும் புரோக்ரசிவ் ராக்கும். இதில் கத்திரிக்காய்க்குப் பஞ்சமே இல்லை, தில்லானாவை எடுத்தால் முழுசாகப் பாடுகிறார்கள், ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் குரல் கேட்டவுடன் அடையாளம் தெரியும். பிரச்னை எனக்கு டிரம்ஸோடு. சாஹித்யம் மூச்சுவிடப் பார்க்கிற இடத்திலெல்லாம் உருண்டுகொண்டு வந்து விழுகிறது. மேடையில் பார்க்க ஜோர். காதுக்குள் ஹூடி.

எலெக்ட்ரானிக் இசைக்காரர் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ், ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஃபாரோ சாண்டர்ஸ், லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா மூவரும் சேர்ந்த 'பிராமிசஸ்', 2021. ஏழு ஸ்வரம் கொண்ட ஒரு சின்னத் துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது, 46 நிமிஷமும் அதேதான். தம்பூரா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 80 வயதுக் கிழவர் சாக்ஸபோனில் அவசரமே இல்லாமல் பேசுகிறார். ஓரிடத்தில் வாத்தியத்தை எடுத்துவிட்டு வாயாலேயே ஏதோ முணுமுணுக்கிறார், அந்த இடத்தில் நான் சீதாராம்பாளையாவில் இருந்தேன், தெளிவாக ஞாபகம் இருக்கிறது. பயணத்தை விட ஆல்பம் நீளம், இறங்கி பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத்தையும் கேட்டேன். காலை மீட்டிங் போயே போச்சு. டீம் லீடிடம் மெட்ரோ லேட் என்றேன்.

கடைசிக்கு என்று வைத்திருந்தது 'ஜோதி'. 1983, இசிஎம் என்ற ஜெர்மன் கம்பெனி வெளியீடு. பாஸ்டன் ஜாஸ்காரர் சார்லி மரியானோ சாக்ஸபோனும் புல்லாங்குழலும், கூட கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன். ஆமாம், நம் பெங்களூர் ஆட்கள், மிருதங்கம் டி.ஏ.எஸ். மணி 1964-இல் ஆரம்பித்தது. பாட்டு ஆர்.ஏ. ரமாமணி. கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் எல்லாம் உண்டு, கிடார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. இவ்வளவு வருஷம் இதே ஊரில் இருந்துகொண்டு இதை நான் கேட்டதில்லை என்பது எனக்கே வெட்கம்.

எடுத்தவுடன் ரமாமணி மட்டும்தான். தனிக்குரல். அட்டையில் முதல் பெயர் மரியானோவுடையது, ஆனால் அவரைக் காணோம், அந்த அம்மாள் பாடி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். அதுவே பாதி மரியாதை. அப்புறம் அவர் நுழையும்போது ஜாஸ்காரர் நுழைகிற மாதிரி நுழையவில்லை. இந்த மனுஷன் நாதஸ்வரம் கற்றவர், அது ஊதுகிற மூச்சில் தெரிகிறது, ஸ்வரத்தின் மேலே வந்து உட்காராமல் கீழிருந்து ஏறி வருகிறார். 'டூயட்' படத்தில் கத்ரி கோபால்நாத்தைக் கேட்ட பிறகு நம் ஜனங்களுக்கு சாக்ஸபோனில் கமகம் சகஜமாகிவிட்டது, அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முந்தின விஷயம் இது. இசிஎம் பதிவுக்கே உரிய அந்தக் குளிர்ந்த எதிரொலி வேறு, கஞ்சிரா அடி விழுந்து அடங்கும் வரைக்கும் காது கூடவே போகிறது.

என் பேச்சை நம்ப வேண்டாம். ஸ்ரீராமபுரத்தில் எங்கள் பெரியப்பா இருக்கிறார், சாமராஜபேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்து ராமநவமிக் கச்சேரிகளை வருஷம் தவறாமல் கேட்பவர், ஃப்யூஷன் என்றால் "ரெண்டுங்கெட்டான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன்.

"பெரியப்பா, பத்து நிமிஷம் கேளுங்க. பிடிக்கலைன்னா கழட்டிடுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வலது கை முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தது. கோர்வை என்கிற கணக்கு முடிப்பு வந்தபோது விரல் எண்ண ஆரம்பித்தது, பாட்டு தொடங்குகிற இடமான எடுப்பில் சரியாக வந்து விழுந்ததும் தலை ஒரு வெட்டு வெட்டியது. பாதியில் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தி, "வெள்ளைக்காரனா ஊதறது? எடுப்பை விடலையே!" என்றார், சத்தமாக, ஹெட்போன் போட்டவர்கள் பேசுகிற அந்தச் சத்தத்தில். பெரியம்மா உள்ளேயிருந்து என்ன ஆச்சு என்று ஓடி வந்தார். மறுபடி காதில் மாட்டிக்கொண்டு விட்டார்.

அது போன மாசம். ஹெட்போன் இன்னும் ஸ்ரீராமபுரத்தில்தான் இருக்கிறது. நான் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் 350 ரூபாய்க்கு வாங்கின இயர்போனை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இடது பக்கம் ஸ்வாமி விவேகானந்தா ரோடு வரைக்கும்தான் கேட்கிறது.